மூளைக்காய்ச்சல்: பெயர் ஒன்று, காரணம் பல

1998 செப்டம்பர் கடைசியில், மலேசியாவின் ஈப்போ பக்கம் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்கள் காய்ச்சலும் தலைவலியுமாகப் படுத்தார்கள். சில நாட்களில் நினைவு தப்பியது. சிலருடைய ரத்தத்தில் கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலின் தடயம் தென்படவே, அதுதான் என்று முடிவாயிற்று. கொசுப்புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோய் அடங்கவில்லை. விற்கப்பட்ட பன்றிகளோடு சேர்ந்து தெற்கே நெகிரி செம்பிலான் மாநிலத்துக்கு இறங்கியது. கணக்கு எங்கோ இடித்தது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைப் பிடிப்பது. இங்கே விழுந்தவர்களோ உழைக்கிற வயது ஆண்கள். கொசு ஆள் பார்த்துக் கடிப்பதில்லை. இங்கே பன்றியைத் தொட்டுப் புழங்கியவர்களே விழுந்தார்கள். தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் தப்பவில்லை. போதாக்குறைக்குப் பன்றிகளும் இருமி இருமிச் செத்தன. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் சுவா காவ் பிங், நோயாளி ஒருவரின் தண்டுவட நீரிலிருந்து அதுவரை யாரும் அறியாத வைரஸ் ஒன்றைப் பிரித்தெடுத்தார். சுங்கை நிப்பா என்ற கிராமத்தின் பெயரால் அதற்கு நிபா என்று பெயர் வைத்தார்கள். அதற்குள் ஆறு மாதம் ஓடியிருந்தது. மொத்தம் 265 பேருக்கு நோய், 105 சாவு.

இந்தக் கதையை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. தமிழில் ‘மூளைக்காய்ச்சல்’ என்ற ஒரே சொல்லை எல்லாவற்றுக்கும் போட்டுவிடுகிறோம். மூளையைச் சுற்றிய உறைகள் அழன்றால் அது மெனிஞ்சைட்டிஸ். மூளைத் திசுவே அழன்றால் என்செபலைட்டிஸ். உள்ளே சீழ்க்கட்டி கட்டினால் அது வேறு. நமக்கு மூன்றும் மூளைக்காய்ச்சல்தான். முந்தைய தலைமுறை இன்னும் சுருக்கமாக ‘ஜன்னி கண்டுவிட்டது’ என்று முடித்துக்கொண்டது. ‘மூளைக்காய்ச்சலுக்குச் சிறுமி பலி’ என்று நாளிதழில் வரும். எந்தக் கிருமி என்று வராது. பெயர் கிடைத்துவிட்டால் விசாரணை முடிந்துவிட்டதாக ஒரு நினைப்பு. உண்மையில் விசாரணை அங்கேதான் தொடங்க வேண்டும். பாக்டீரியாவுக்குக் கொடுக்கும் மருந்து காசநோய்க்கு உதவாது. ஹெர்பீஸ் வைரஸின் மருந்து பூஞ்சையைத் தொடாது. காரணம் தெரியாமல் வைத்தியம் பார்ப்பது, வீட்டுக் கதவு எண் தெரியாமல் கடிதம் போடுவது போலத்தான்.

மூளைக்கு மூன்று உறைகள். வெளியே தடித்த தோல் போன்ற ஒன்று, நடுவில் சிலந்தி வலை போன்ற ஒன்று, மூளையின் மடிப்போடு மடிப்பாக ஒட்டிக்கிடக்கும் மெல்லிய ஒன்று. கடைசி இரண்டுக்கும் நடுவே ஓடும் தெளிந்த நீர்தான் தண்டுவட நீர். பெரியவர் ஒருவரிடம் எந்நேரமும் சுமார் 150 மில்லி இருக்கும். நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 மில்லி ஊறி, பழையது ரத்தத்தில் வடிந்துகொண்டே இருக்கும். ரத்தத்தில் இருப்பதெல்லாம் மூளைக்குள் நுழைந்துவிடாதபடி நுண்குழாய்களின் சுவரே ஒரு தடுப்பாக நிற்கிறது. கிருமியை வெளியே நிறுத்தும் அதே தடுப்பு, உள்ளே புகுந்த கிருமியைத் துரத்தும் மருந்தையும் பாதி வழியில் நிறுத்திவிடும். அதனால்தான் இந்த நோய்க்கு மருந்து பெரிய அளவில், பெரும்பாலும் நரம்பு வழியாகவே ஏற வேண்டியிருக்கிறது.

கிருமிகள் வரும் வழிகளும் பல. நியூமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் மூக்கிலும் தொண்டையிலும் சாதுவாகக் குடியிருந்து, வாய்ப்பு வரும்போது ரத்தத்தில் இறங்கி மேலே ஏறுகின்றன. வெறிநாய்க் கடியால் புகும் வைரஸ் நரம்பைப் பிடித்துக்கொண்டே நடந்து வருகிறது. அது மூளையை எட்டி அறிகுறி காட்டிவிட்டால் வைத்தியம் கிடையாது. ஆண்டுக்கணக்கில் சீழ் வடியும் காதிலிருந்து எலும்பை அரித்துக்கொண்டு சில கிருமிகள் நேரே மூளைக்குள் கட்டி வைக்கின்றன. ‘காதுதானே, எண்ணெய் விட்டால் சரியாகிவிடும்’ என்று விட்டுவிட்டதன் விலை அது.

காரணத்தைத் தேடாததன் விலை எவ்வளவு என்பதற்கு நம் நாட்டிலேயே நீண்ட சாட்சி இருக்கிறது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவில் முதலில் அடையாளம் காணப்பட்டது 1955இல் வேலூரில், அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்தில். நட்ட வயலில் தேங்கும் நீரில் பெருகும் க்யூலெக்ஸ் கொசு, கொக்கு நாரைகளிடமிருந்தும் பன்றிகளிடமிருந்தும் வைரஸை எடுத்து மனிதருக்குக் கொடுக்கிறது. மனிதரிடமிருந்து அது மேற்கொண்டு பரவுவதில்லை. பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கும் பிள்ளையைப் பார்த்து யாரும் ஒதுங்க வேண்டியதில்லை. இந்த வைரஸ் தொற்றியவர்களில் சுமார் 250 பேருக்கு ஒருவர்தான் கடுமையாக நோய்ப்படுகிறார். மற்றவர்கள் ஒன்றும் தெரியாமல் எதிர்ப்பொருளை மட்டும் ரத்தத்தில் சுமந்து திரிவார்கள். நெல் விளையும் ஊரில் எவர் ரத்தத்தைச் சோதித்தாலும் பழைய தடயம் கிடைக்கக்கூடும். மலேசியாவில் கண்ணைக் கட்டியது இந்த மாதிரித் தடயந்தான். தண்டுவட நீரில், புதிய தொற்றைக் காட்டும் ஐ.ஜி.எம். எதிர்ப்பொருளைத் தேடு என்று மருத்துவ நூல்கள் வற்புறுத்துவதும் இதனால்தான்.

2005இல் உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூர் பகுதியில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது, பெரும்பாலும் குழந்தைகள். மறு ஆண்டே தடுப்பூசி இயக்கம் தொடங்கியது. ஜப்பானிய வகை உண்மையிலேயே குறைந்தது. ஆனால் மழைக்காலம் வந்தால் அதே கோரக்பூர் மருத்துவமனையில் அதே காய்ச்சல், அதே வலிப்பு, ஒரே கட்டிலில் இரண்டு மூன்று பிள்ளைகள். தண்ணீரில் வரும் வைரஸ் என்று சிலர் சொன்னார்கள். வேறு எதையோ சிலர் சொன்னார்கள். பத்தாண்டு கழித்து முறையாகச் சோதித்தபோது, ஏறக்குறைய 60 சதவீதக் குழந்தைகளிடம் ஸ்க்ரப் டைபஸ், அதாவது நம் ஊரில் உண்ணிக்காய்ச்சல் என்கிறோமே, அதன் தடயம் இருந்தது. புதர்களில் வாழும் மிகச் சிறிய உண்ணிப்பூச்சியின் இளம்புழு கடித்துப் பரவுவது. காய்ச்சல் தொடங்கிய முதல் நாட்களிலேயே டாக்ஸிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின் கொடுத்தால் பெரும்பாலும் மூளை வரை போகாது. இரண்டும் எந்த மெடிக்கல் ஷாப்பிலும் கிடைக்கிற மலிவான மாத்திரைகள். வேலூர், சித்தூர் பக்கத்து மருத்துவர்கள் மழைக்காலக் காய்ச்சல்காரரின் அக்குளையும் தொடை இடுக்கையும் விளக்கடித்துப் பார்ப்பார்கள். சிகரெட்டால் சுட்டது போன்ற சின்னக் கருப்புப் பொருக்கு ஒன்று அங்கே ஒளிந்திருந்தால் பாதி நோயறிதல் முடிந்தது.

பீகாரின் முசாபர்பூர் கதை இன்னும் விசித்திரம். ஆண்டுதோறும் லிச்சி பழுக்கும் மே, ஜூன் மாதங்களில் விடியற்காலையில் குழந்தைகளுக்கு வலிப்பு வந்து நினைவு தப்பும். அதையும் மூளைக்காய்ச்சல் கணக்கில்தான் எழுதிவந்தார்கள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஓய்வுபெற்ற வைரஸியல் பேராசிரியர் டி. ஜேக்கப் ஜான் இது கிருமியே இல்லை, ரத்தச் சர்க்கரை விழுவதால் வரும் மூளைப் பாதிப்பு என்று வாதாடினார். 2014இல் இந்திய, அமெரிக்க நோய்த்தடுப்பு மையங்கள் சேர்ந்து ஆராய்ந்தன. அந்தப் பருவத்தில் இரண்டு மருத்துவமனைகளில் சேர்ந்த 390 பேரில் 122 பேர் இறந்தார்கள். தண்டுவட நீரைச் சோதித்தவர்களில் பெரும்பாலோருக்கு அது சுத்தமாக இருந்தது. லிச்சியில் உள்ள நச்சு, உடம்பு சர்க்கரையைத் தானே உண்டாக்கிக்கொள்வதைத் தடுக்கிறது. இரவுச் சாப்பாடு இல்லாமல் தூங்கிய மெலிந்த குழந்தை விடிவதற்குள் வீழ்ந்துவிடுகிறது. இரவில் ஒரு வேளைச் சோறும், மருத்துவமனைக்கு வந்தவுடன் நரம்பில் குளுக்கோஸும் போதும். பெயரை நம்பி வைரஸைத் தேடிக்கொண்டிருந்தால் இதைக் கண்டுபிடித்திருக்க முடியுமா?

அறிகுறிகளுக்கு வருவோம். காய்ச்சல், கழுத்து விறைப்பு, மனக்குழப்பம் என்று மூன்றையும் பாடப்புத்தகம் சேர்த்தே சொல்லும். நெதர்லாந்தில் பாக்டீரியாவால் மெனிஞ்சைட்டிஸ் வந்த பெரியவர்களை ஆராய்ந்து 2004இல் வெளிவந்த பெரிய ஆய்வில் 44 சதவீதம் பேருக்குத்தான் மூன்றும் சேர்ந்திருந்தன. தலைவலியையும் கூட்டி நான்காக்கி, அவற்றில் ஏதேனும் இரண்டு என்று கேட்டால் 95 சதவீதம் பேர் அதில் வந்துவிடுகிறார்கள். மாணவர்கள் உருப்போட்டு ஒப்பிக்கும் கெர்னிக், புருட்ஜின்ஸ்கி பரிசோதனைகள், 2002இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வின்படி, நூறு நோயாளிகளில் ஐந்து பேரைத்தான் பிடிக்கின்றன. கைக்குழந்தையிடம் கழுத்து விறைப்பைத் தேடுவதே வீண். பால் குடிக்க மறுப்பது, தூக்கினால் வீறிடுவது, உச்சிக்குழி புடைத்து நிற்பது, இவைதான் அங்கே பேசும். இதை மருத்துவருக்கு முன்பே வீட்டுப் பாட்டிகள் கண்டுபிடித்துவிடுவதுண்டு.

அறிகுறி சந்தேகத்தை எழுப்பும். சந்தேகத்தைத் தீர்ப்பது தண்டுவட நீர். ஜெர்மனியின் கீல் நகரத்தைச் சேர்ந்த ஹைன்ரிஷ் குவிங்கே 1891இல் இடுப்பு முதுகில் ஊசி செலுத்தி அந்த நீரை எடுக்கும் முறையை உலகுக்குச் சொன்னார். அன்றே அழுத்தத்தை அளந்தார், சர்க்கரையையும் புரதத்தையும் பார்த்தார். இன்றும் அடிப்படை அதுவே. ஆனால் நம் வார்டுகளில் இந்தப் பேச்சு எடுத்ததும் நடப்பது வேறு.

“அம்மா, முதுகுல ஊசி போட்டுத் தண்ணி எடுத்துப் பாக்கணும். கையெழுத்துப் போடுங்க.”

“ஐயோ சார், முதுகுல தண்ணி எடுத்தா கால் விளங்காதுன்னு சொல்றாங்களே. வேற டெஸ்ட்டு ஏதும் இல்லையா?”

அந்தத் தாயைக் குறை சொல்லிப் பயனில்லை. கால் விளங்காமல் போனவர்களை அவள் பார்த்திருக்கலாம். ஆனால் காலை எடுத்தது நோய். ஊசி எடுத்த நாளில் அது வெளியே தெரிந்தது, அவ்வளவே. ஊசி எங்கே போகிறது என்று யாராவது உட்கார்ந்து சொல்லியிருந்தால் பாதி பயம் போயிருக்கும். தண்டுவடம் இடுப்பு முள்ளெலும்புகளில் முதலாவது, இரண்டாவது அளவிலேயே முடிந்துவிடுகிறது. ஊசி போவது அதற்குக் கீழே, மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவில். அங்கே நரம்பு இழைகள்தான் நீரில் தொங்குகின்றன. பாயசத்தில் மிதக்கும் சேமியாவைக் குச்சியால் குத்தப் பாருங்கள், விலகிக்கொள்ளும், அது போலத்தான். நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைத்து, முழங்காலை வயிற்றோடும் முகவாயை நெஞ்சோடும் சேர்த்துச் சுருட்டிப் பிடித்துக்கொள்வார் நர்ஸ். மருத்துவரின் கட்டைவிரல் இடுப்பெலும்பின் விளிம்பிலிருந்து நடுமுதுகுக்கு நகர்ந்து பள்ளத்தைத் தேடும். ஊசி உள்ளே போகும்போது ஓரிடத்தில் சட்டென்று தடை விடும். உள்கம்பியை உருவினால் நீர் சொட்டும். மூன்று நான்கு சின்னப் பாட்டில்களில், ஒன்று இரண்டு என்று எண் எழுதிப் பிடிப்பார்கள். பிறகு சிலருக்கு இரண்டொரு நாள் தலைவலி இருக்கும். மூளைக்குள் பெரிய கட்டியோ வீக்கமோ இருக்குமென்று சந்தேகப்பட்டால் முதலில் சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டும். அந்த நிலையில் கீழே நீரை எடுத்தால் மேலே மூளை நழுவி நசுங்கும் ஆபத்து உண்டு. ஸ்கேனுக்கு வரிசையில் நிற்கும் நேரத்தில் மருந்து காத்திருக்கக் கூடாது. ரத்தத்தை வளர்ப்புச் சோதனைக்கு எடுத்துவிட்டு முதல் ஊசியைப் போட்டுவிட வேண்டும்.

பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதே முதல் சோதனை. கஞ்சித் தண்ணீர் போலக் கலங்கியிருந்தால் பாக்டீரியா. வைரஸ் என்றால் கிணற்று நீர்போலத் தெளிந்திருக்கும். காசநோய் நீரும் தெளிந்தே தெரியும். ஆனால் இரவு முழுதும் அசையாமல் வைத்தால் நடுவில் சிலந்திவலை போல ஒரு நூலாம்படை படியலாம். பிறகு எண்ணிக்கை. ஒரு மைக்ரோலிட்டரில் ஐந்து வெள்ளணுவுக்கு மேல் இருக்கக்கூடாது. பாக்டீரியாவில் அது ஆயிரத்தையும் தாண்டும், பெரும்பாலும் நியூட்ரோபில்கள். வைரஸிலும் காசநோயிலும் லிம்போசைட்டுகள் மிகும். இரண்டையும் பிரிப்பது சர்க்கரை: வைரஸ் அதைத் தொடுவதில்லை, காசநோயில் அது விழுந்துவிடும். இந்த இடத்தில் ஒரு சின்னத் தவறு அடிக்கடி நடக்கிறது. தண்டுவட நீரின் சர்க்கரையை அதே நேரத்து ரத்தச் சர்க்கரையோடு ஒப்பிட வேண்டும். பத்தில் நான்கு பங்குக்குக் கீழே போனால்தான் சந்தேகம். சர்க்கரை நோயாளிக்கு ரத்தத்தில் 300 இருக்கும்போது தண்டுவட நீரில் 80 இருப்பது பார்வைக்கு நல்ல எண். உண்மையில் அபாய எண். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுக்க மறந்ததால் ஒரு முழுச் சோதனையும் பாழாகிவிடுகிறது.

இந்த அழகான அட்டவணையையெல்லாம் கலைத்துப்போடுவது ஒன்று இருக்கிறது: மூன்று நாள் தெருமுனைக் கடை மாத்திரை. பாதி வைத்தியம் ஆன பாக்டீரியா வளர்ப்புச் சோதனையில் முளைக்காது. அணுக்களின் விகிதமும் மாறி, பார்க்கக் காசநோய் போலவே இருக்கும். மருத்துவமனைக்குப் போகும்போது பழைய சீட்டையும் மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டுபோனால் மருத்துவரின் ஒரு நாள் குழப்பம் மிச்சம்.

நம் ஊரில் எனக்கு மிகவும் பயம் தருவது காசநோய் மெனிஞ்சைட்டிஸ்தான். அது அடித்துப் பிடித்து வருவதில்லை. பிள்ளை சாப்பிட மறுக்கும், சிடுசிடுக்கும், சாயங்காலம் உடம்பு சுடும். பிறகு வாந்தி. கேஸ் டிரபிள் என்பார்கள். விடால் பரிசோதனை எடுத்து டைபாய்டு என்பார்கள். நம் நாட்டில் விடால் யாருக்குத்தான் பாசிட்டிவ் ஆகாது! இரண்டு வாரத்தில் கண் மாறுகண் ஆகும்; பிறகு ஒரு பக்கம் கைகால் வராது. மூளையின் அடிப்பக்கத்தில் பசைபோலச் சீழ் படிந்து, அங்கிருந்து புறப்படும் நரம்புகளையும் ரத்தக்குழாய்களையும் இறுக்குவதால் வருவது இது. நீர் வடியும் பாதை அடைபட்டுத் தலைக்குள் தேங்கவும் செய்யும். நினைவு தெளிவாக இருக்கும்போதே மருந்து தொடங்கியவர் பெரும்பாலும் நடந்து வீட்டுக்குப் போவார். ஆழ்மயக்கத்தில் வந்தவர் பிழைத்தாலும் ஊனத்தோடு பிழைக்கக்கூடும். எடின்பரோவின் ராபர்ட் விட் எழுதி 1768இல் வெளிவந்த நூலிலேயே குழந்தைகளிடம் இதன் படிகள் துல்லியமாக இருக்கின்றன. 1940களில் ஸ்ட்ரெப்டோமைசின் வரும்வரை, விவரிப்பதைத் தவிர வேறொன்றும் செய்வதற்கு இல்லை.

இதைக் கண்டுபிடிப்பதும் கஷ்டம். உருப்பெருக்கியில் கிருமி தென்படுவது அபூர்வம். வளர்ப்புச் சோதனைக்கு வாரக்கணக்காகும். அரசு மருத்துவமனைகளில் சி.பி.நாட் என்று சொல்லும் மரபணுச் சோதனை இரண்டு மணி நேரத்தில் விடை தருகிறது. 2017இல் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த அல்ட்ரா வகை இன்னும் கூர்மையானது. ஆனாலும் நெகட்டிவ் என்று வந்தால் காசநோய் இல்லை என்று பொருளாகாது. நீர் எவ்வளவு அதிகம் கொடுக்கிறோமோ அவ்வளவு பிடிபடும். ஒரு மில்லி அனுப்பிவிட்டு விடையை எதிர்பார்ப்பது பேராசை. கடைசியில் சந்தேகத்தின் பேரிலேயே மருந்தைத் தொடங்கும் துணிச்சல்தான் உயிரைக் காக்கிறது. பிறந்த குழந்தைக்குப் போடும் பி.சி.ஜி. இங்கே கைகொடுக்கிறது. 1968இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய பெரும் ஆய்வு, பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்று காட்டியது. அதைப் பிடித்துக்கொண்டு ‘உபயோகமில்லாத ஊசி’ என்பவர்களுக்கு மறந்துபோவது, சிறு குழந்தையின் மூளையைக் காசநோயிலிருந்து காப்பது அந்த ஊசிதான் என்பது.

மற்றவை கேள்வி கேட்டால் மட்டும் அகப்படுபவை. எச்.ஐ.வி. உண்டா? வாரக்கணக்கில் தலைவலியோடு வருபவரின் தண்டுவட நீரில் ஒரு சொட்டு இந்தியன் இங்க் கலந்து கண்ணாடியில் வைத்தால், கருப்புப் பின்னணியில் ஒளிவட்டம் கட்டிய உருண்டைகளாக க்ரிப்டோகாக்கஸ் பூஞ்சை தெரியும். கணக்கெழுதும் மையால் ஒரு நோயறிதல்! குளத்தில் மூழ்கிக் குளித்தீர்களா? நெக்லீரியா அமீபா மூக்கு வழியாக ஏறுகிறது. அதைப் பிடிக்க நீரை ஃபிரிட்ஜில் வைக்காமல், சூடு ஆறுமுன் கண்ணாடித் துண்டில் வைத்து அது நகர்கிறதா என்று பார்க்க வேண்டும். உலகெங்கும் 97 சதவீதம் பேரைக் கொன்ற இந்த நோயிலிருந்து 2024 முதல் கேரளத்தில் பலர் பிழைத்திருக்கிறார்கள். முதல் நாளிலேயே சந்தேகப்பட்டதும், காலா அசார் மருந்தான மில்டெஃபோசினைக் கைவசம் வைத்திருந்ததும் அதற்குக் காரணம். உடும்பின் ரத்தத்தையும் இறைச்சியையும் பச்சையாகச் சாப்பிட்டீர்களா? எலிப்புழு மூளை உறைக்குப் போய் ஈசினோபில்களைக் குவிக்கும். உடும்பைப் பிடிப்பதே குற்றம் என்பது தனி.

ஹெர்பீஸ் வைரஸ் மூளையின் பொட்டுப் பகுதியைத் தாக்குகிறது. முதலில் தெரிவது நடத்தை மாற்றம்: சம்பந்தமில்லாத பேச்சு, இல்லாத வாசனை. இதைப் பார்த்துக் கோயிலுக்கும் மனநல மருத்துவரிடமும் அலைந்த குடும்பங்கள் உண்டு. ஒரு காலத்தில் மண்டையைத் திறந்து மூளைத் துணுக்கை எடுத்துத்தான் இதை உறுதி செய்தார்கள். இப்போது எம்.ஆர்.ஐ.யும் தண்டுவட நீரில் பி.சி.ஆரும் போதும். முதல் மூன்று நாளில் பி.சி.ஆர். ஏமாற்றலாம் என்பதால் அசைக்ளோவிரை நிறுத்திவிடாமல் மறுபடி சோதிக்க வேண்டும். இதே கோலத்தில், கிருமியே இல்லாமல், உடம்பின் எதிர்ப்பொருள்கள் மூளையின் என்.எம்.டி.ஏ. ஏற்பிகளைத் தாக்கும் நோயை 2007இல் ஜோசப் டால்மாவ் விவரித்தார். அதுவரை அந்த நோயாளிகளெல்லாம் எந்தப் பெயரில் எழுதப்பட்டார்கள் என்று யோசித்தால் சங்கடமாக இருக்கிறது.

வசதி மிகுந்த கலிஃபோர்னியாவிலேயே, 1998 முதல் 2005 வரை மூளை அழற்சியோடு வந்த 1,570 பேரை எல்லாச் சோதனைக்கும் உட்படுத்தியும் 63 சதவீதம் பேருக்குக் காரணம் கிடைக்கவில்லை. ஆகவே விடை தெரியவில்லை என்று ஒரு மருத்துவர் சொன்னால் அது கையாலாகாத்தனம் ஆகிவிடாது. தேடாமல் இருப்பதுதான் குற்றம். தடுக்கக்கூடியதைத் தடுக்கவும் முடிகிறது: மெனிஞ்சைட்டிஸை உண்டாக்கும் ஹிப் பாக்டீரியாவுக்கு எதிரான ஐந்துநோய்த் தடுப்பூசியை 2011 டிசம்பரில் நாட்டிலேயே முதலில் தொடங்கியவை தமிழ்நாடும் கேரளமும்தான், நியூமோகாக்கஸ் தடுப்பூசி 2021இல் நாடு முழுவதும் வந்துவிட்டது. உங்கள் பிள்ளையின் அட்டையில் இரண்டும் குறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று இன்றைக்கே பாருங்கள்.

வீட்டில் யாருக்காவது காய்ச்சலோடு மனம் தடுமாறினால் இரவு விடியட்டும் என்று இருக்காதீர்கள். நாய் கடித்ததா, காதில் சீழா, குளத்தில் குளித்தாரா, வீட்டில் யாருக்கேனும் காசநோயா என்று மருத்துவர் கேட்பதற்கு முன்பே சொல்லுங்கள். முதுகில் நீர் எடுக்கக் கையெழுத்துக் கேட்டால் போடுங்கள். எடுக்கிற பத்து மில்லியை உடம்பு அரை மணி நேரத்தில் ஊறவைத்துக்கொள்ளும்.